சோப்புப் போட்டுக் கழுவிய மீசை

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஒரு மீசை வேலை பார்த்து வந்தது. மீசைக்குப் பின்னால் ஒரு மனிதரும் இருந்தார். ஆனால் வாசல் காவலாளி முதல் பேராசிரியர் வரை யாரும் அவரைத் தனியாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. "மீசை வந்தாச்சா?" "மீசையைக் கேளு." "மீசை டீ குடிக்கப் போயிருக்கு." வருகைப் பதிவேட்டில் அவருக்கென்று ஒரு பேர் இருக்கத்தான் செய்தது. அதைப் படித்துவிட்டு, "யாருப்பா இது, புதுசா சேர்ந்திருக்காரா?" என்று கேட்டவர்கள் உண்டு.

மீசையும் லேசுப்பட்டதில்லை. மூக்குக்குக் கீழே அடர்த்தியாக ஆரம்பித்து, வாயை முழுசாக மறைத்து, இரண்டு கன்னத்திலும் ஏறி, முனையில் பக்கத்து ஊர்க்காரனைக் கூப்பிடுகிற விரல் மாதிரி வளைந்து நிற்கும். அவர் சிரிக்கிறாரா கோபமாக இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க, முனை மேலே போகிறதா கீழே வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒழுகுகிற தண்ணீர்க் குழாயைச் சரிபண்ணத்தான் அவர் முதன்முதலில் அந்தக் கட்டடத்துக்குள் வந்தார். கையில் ஸ்பானரோடு குனிந்திருந்தவரைப் பார்த்து, அப்போது தலைமுடி வைத்திருந்த பேராசிரியர், "தம்பி, இந்தக் குடுவையை ஒரு நிமிஷம் பிடி" என்றார். அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் வேதியியலில் அவர் வாங்கிய மார்க்கை மனைவியைத் தவிர யாரிடமும் அவர் சொன்னதில்லை. மனைவி எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். ஆனால் குடுவையைப் பிடித்த கை கெட்டிக்காரக் கை. எந்தக் கலவையை எவ்வளவு சூட்டில் நிறுத்த வேண்டும், எப்போது ஐஸில் இறக்க வேண்டும், எந்த நிறம் வந்தால் சிரிக்கலாம், எந்த நிறம் வந்தால் ஓடலாம் என்பதெல்லாம் அந்தக் கைக்குத் தெரிந்துவிட்டது. அவர் பிடித்த குடுவைகளிலிருந்து இதுவரை பதினோரு பேர் டாக்டர் ஆகி வெளியே போயிருக்கிறார்கள். அவர் மட்டும் அங்கேயே இருந்தார்.

அவர் தயாரித்ததெல்லாம் நறுமணச் சேர்மங்கள். பாடப் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் அவர் செய்த ஒரே தப்பு, அந்தப் பேரை அப்படியே பெண்ணிடம் சொன்னதுதான். அவள் தையல்காரி. நாள் முழுக்க அடுத்தவர் வேர்வைத் துணியைப் பிரித்துத் தைக்கிறவள். நறுமணம் என்றதும் உச்சி குளிர்ந்து, சரி என்று தலையாட்டிவிட்டாள். கல்யாணமான முதல் வாரம் அவர் அந்துருண்டை நாற்றத்தோடு வீட்டுக்கு வந்தார். இரண்டாவது வாரம் ஷூ பாலிஷ். மூன்றாவது வாரம் வந்த நாற்றத்துக்கு அவளிடம் உவமையே இல்லை.

"ஏங்க, இதுக்குப் பேருதான் நறுமணமா? உங்க ஆளுங்களுக்கு மூக்குன்னு ஒண்ணு கிடையாதா?"

"முதல்ல கண்டுபிடிச்சதெல்லாம் நல்ல வாசனையா இருந்துச்சாம். பேர் வெச்சுட்டாங்க. அப்புறம் வந்ததெல்லாம் நாறுச்சு. பேரை மாத்தல."

"எங்க சித்தப்பாவைச் சின்னவர்னு கூப்பிடற மாதிரி."

"ஆமா."

"அவர் நூத்திப் பத்து கிலோ."

அன்றைக்கு அவர் அவளுடைய பட்டன் டப்பாவிலிருந்து ஆறு வெள்ளைப் பட்டன்களை எடுத்து மேசையில் வட்டமாக வைத்தார். "இந்த ஆறும் கார்பன். வளையமா கை கோத்துக்கிட்டு நிக்குது. லேசுல பிரியாது. இந்த வளையம் இருந்தாப் போதும், அதை நறுமணக் குடும்பம்னு சொல்லிடறாங்க. நீ தலைவலிக்குப் போடற மாத்திரைல இது இருக்கு. நீ தைக்கிற துணியோட சாயத்துல இருக்கு. ஆறு பேர்கிட்டயும் ஆளுக்கொரு சீட் இருக்கு. எந்த சீட்டுல எதைக் கொண்டுபோய் உட்கார வைக்கறோமோ அதைப் பொறுத்து அது மருந்தாகும், சாயமாகும், விஷமும் ஆகும்."

அவள் ஆறு பட்டனையும் எண்ணிப் பார்த்து டப்பாவில் போட்டு மூடினாள். "ஆறு பட்டனைத் தைக்க உங்களுக்கு ஒரு கட்டடம், ஒரு பேராசிரியர், நாலு காவலாளி. நான் ஒரு நாளைக்கு அறுபது தைக்கிறேன்."

வாய்தான் அப்படி. அதே வருஷம் அவருடைய வெள்ளைக் கோட்டின் பாக்கெட் கிழிந்தபோது, அதைப் பிரித்தெடுத்துவிட்டுக் கெட்டித் துணியில் இரட்டைத் தையல் போட்டு ஒரு புதுப் பாக்கெட் வைத்துக் கொடுத்தாள். பாக்கெட் கிழிந்ததற்குக் காரணம் அவருடைய கண்ணாடிக் குச்சி. அந்தக் குச்சியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதையில் பாதி போய்விடும்.

தயாரித்த பொருள் சுத்தமாக வேண்டுமென்றால், அதைச் சூடான ஆல்கஹாலில் கரைத்து, வடிகட்டி, மெதுவாக ஆறவிட வேண்டும். நல்ல பிள்ளையாக இருந்தால் தானாகவே படிகமாக, அதாவது கற்கண்டு மாதிரிச் சின்னச் சின்னத் துண்டுகளாக, அடியில் இறங்கும். சில பிடிவாதக்காரப் பொருட்கள் இறங்காது. தேன் மாதிரிப் பாகாகவே கிடக்கும். அப்போது கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உள் சுவரைக் கீற வேண்டும். கீறல் விழுந்த இடத்தில் படிகம் பிடித்துக்கொள்ளும். அதற்கும் மசியாவிட்டால் அதே பொருளின் பழைய படிகம் ஒரு துணுக்கை உள்ளே போட வேண்டும். அதற்கு விதை என்று பேர். ஒன்றைப் பார்த்து மற்றதெல்லாம் அதேபோல் அடுக்கிக்கொள்ளும். நம் மீசைக்கு விதை தேவைப்பட்டதே இல்லை. குனிவார், இரண்டு கீறு கீறுவார், படிகம் கொட்டும். குச்சியைக் கோட்டில் துடைத்துப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

இப்போது பாதி டாக்டர். பன்னிரண்டாவதாக டாக்டர் ஆகவேண்டிய பெண். நாலு வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள், இன்னும் பட்டம் வரவில்லை. அதனால் மீசை அவளுக்கு வைத்த பேர் பாதி டாக்டர். தண்ணீரில் பாதரசம் கலந்திருந்தால் பளிச்சென்று ஒளிவிடுகிற ஒரு பொருளைச் செய்வதுதான் அவள் வேலை. அதற்கு நடுவில் ஒரு மஞ்சள் பொருளைச் செய்ய வேண்டும். வளையத்தில் ஏற்கெனவே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். நைட்ரிக் ஆசிட்டை வைத்து இன்னொருத்தரைக் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும். அந்தப் புது ஆள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாரா, எதிர் சீட்டில் உட்கார்ந்தாரா? எதிர் சீட் என்று பாதி டாக்டர் சொன்னாள். அவளுடைய ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர், "படிகத்தை எக்ஸ்ரே எடுத்துக் காட்டினால் ஒழிய நம்ப மாட்டேன்" என்று எழுதி அனுப்பிவிட்டார்.

எக்ஸ்ரே இயந்திரம் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அன்று சாயங்காலத்தோடு இயந்திரத்தைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மறுபடி ஓட நாலு மாதம் ஆகும். ஆய்வேட்டைத் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க அவளுக்கு இருந்ததோ இரண்டே மாதம். வெள்ளி பத்து மணிக்குக் கையில் ஒரு நல்ல படிகம் இல்லையென்றால் நாலு வருஷமும் அம்போ. பாதி டாக்டர் கடைசிவரை பாதி டாக்டர்தான்.

"ஏன் கவலைப்படறீங்க? போன தடவ செஞ்சப்ப ஒரு மணி நேரத்துல பொலபொலன்னு கொட்டுச்சு" என்றார் மீசை. அது உண்மை. ஆனால் அப்போது வந்தது பொடிப் பொடியான படிகம். அதையும் அடுத்த வேலைக்கு மொத்தமாகப் பயன்படுத்தியாகிவிட்டது. புதுசாகச் செய்ய வேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் புதுப் பாதுகாப்பு அதிகாரி வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களைத்தான் எதிர்த்துப் பேச முடியாது. ஒரே வாரத்தில் கூடத்தையே கழுவிக் கவிழ்த்தார். சுவர், அலமாரி, புகையை இழுக்கிற ஹூட், அதன் குழாய் என்று ஒன்றையும் விடவில்லை. பழைய கோட்டுகளைக் குப்பைக்கு அனுப்பி எல்லாருக்கும் புதுக் கோட்டு கொடுத்தார். மீசை மட்டும் தன் பழைய கோட்டைச் சுருட்டிச் சாப்பாட்டுப் பைக்கடியில் வைத்து வீட்டுக்குக் கடத்திவிட்டார். கடைசியாக அதிகாரி ஒரு ரப்பர் முகமூடியைக் கொண்டுவந்தார். ஆசிட் வேலை செய்கிறவர்கள் போட்டே ஆகவேண்டும். முகத்தில் இடைவெளி இல்லாமல் ஒட்டுகிறதா என்று பார்க்க ஒரு பரீட்சை வேறு.

பரீட்சை இப்படி. முகமூடி போட்டவர் தலைமேல் ஒரு பையைக் கவிழ்த்து, உள்ளே சாக்கரின் கலந்த தண்ணீரைப் பனிபோல் அடிப்பார்கள். வாயில் இனிப்புத் தெரிந்தால் முகமூடி ஒழுகுகிறது என்று அர்த்தம்.

"இனிக்குதா?" என்றார் அதிகாரி.

"இனிக்குதுங்க சார். சாக்கரின்கூட நம்ம நறுமணக் குடும்பம்தான் சார், வாசனைதான் இருக்காது."

"இனிக்கக் கூடாதுங்க."

"அதுக்கு நான் என்ன சார் பண்ண?"

வாரை இறுக்கினார்கள். இனித்தது. பெரிய முகமூடி கொண்டுவந்தார்கள். இன்னும் நன்றாக இனித்தது. வாயில் இனிப்புத் தெரிந்ததற்காக ஃபெயிலானவர் உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். அதிகாரி தயங்கித் தயங்கி மீசையைக் காட்டினார். "இதுதான் வழி விடுது. நீங்க ஆசிட் வேலையை வேற யாருக்காவது கொடுத்துடலாம். கட்டாயம் இல்லை."

வேறு யாருக்காவது! அந்த வேலையைப் பாதி டாக்டர் இரண்டு தடவை செய்து பார்த்திருக்கிறாள். இரண்டு தடவையும் தார் மாதிரிக் கறுத்துப்போனது. பூஜ்யம் டிகிரியில் வைத்து, இரண்டு மணி நேரம், சொட்டுச் சொட்டாக ஆசிட் விடவேண்டும். அவசரப்பட்டால் காரியம் கெட்டது. அவளுக்கு அவசரப்படாமல் இருக்கத் தெரியாது.

வீட்டுக்குப் போய், "அதை எடுத்துடு" என்றார்.

"எதை?"

அவர் காட்டினார். தையல்காரி மெஷினிலிருந்து எழுந்தாள். அப்புறம் துணி வெட்டுகிற பெரிய கத்தரியை எடுத்தாள். அந்தக் கத்தரியால் காகிதம் வெட்டினால்கூட வீட்டில் ஒரு வாரம் சண்டை நடக்கும். கழுத்தில் துண்டைக் கட்டி, வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று வெட்டினாள். மிச்சத்தை அவரே ரேசரால் எடுத்தார்.

"ரூல்னு சொல்றாங்க" என்றார்.

"சரி."

"பாதி டாக்டருக்காக ஒண்ணுமில்ல."

"நான் கேக்கலையே."

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை இறக்கினாள். அவரை மேலும் கீழும் பார்த்து, "அங்கிள், எங்கப்பா வீட்ல இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் வாசலில் காவலாளி அவரை நிறுத்தி அடையாள அட்டை கேட்டார். அட்டையில் இருந்தது மீசை. வாசலில் நின்றது வேறு ஆள். குழாய் ரிப்பேர் செய்ய வந்த காலத்துக் கதையைச் சொல்லி நிரூபிக்கவேண்டியதாயிற்று. உள்ளே பாதி டாக்டர், "யார் வேணும் உங்களுக்கு?" என்றாள்.

"ஐஸ் உடைச்சாச்சா, பாதி டாக்டரம்மா?"

குரலைக் கேட்டதும் அவள் கையிலிருந்த நோட்டு கீழே விழுந்தது. "அண்ணா! எனக்காகவா?"

"ரூலு."

அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. "உங்களுக்கு வாய் இருக்கு அண்ணா. இத்தனை நாளா எனக்குத் தெரியாது."

பரீட்சை மறுபடி நடந்தது. இனிக்கவில்லை. பாஸ்.

திங்கட்கிழமை அவர் ஹூட் முன்னால் நின்று இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஆசிட் விட்டார். நிறம் சரியாக வந்தது. ஐஸில் கொட்டினார். கழுவினார். ஆல்கஹாலில் கரைத்தார். வடிகட்டினார். ஆறவைத்தார். குனிந்து கீறினார்.

ஒன்றும் வரவில்லை.

அடியில் மஞ்சளாக, தேன் மாதிரி, சோம்பேறித்தனமாக ஒரு பாகு கிடந்தது. செவ்வாய்க்கிழமை ஐஸில் வைத்தார். குளிர்ந்த தேன் கிடைத்தது. மூன்று குடுவைகளில் பிரித்துவைத்து மூன்றையும் கீறினார். புதுக் கோட்டில் பாக்கெட் தப்பான பக்கம் இருந்ததால் ஒவ்வொரு தடவையும் குச்சி காற்றில் செருகிக்கொண்டு தரையில் விழுந்தது.

"சுத்தமாத்தான் இருக்கு. விதை இருந்தா வந்துரும். விதைக்கு எங்க போறது? இருந்ததெல்லாம் தீர்ந்துடுச்சு. கூடத்துல ஒட்டியிருந்த தூசையும் கழுவிட்டாங்க" என்றாள் பாதி டாக்டர். அப்புறம், ரொம்ப நொந்துபோனவர்கள் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தாள். "ஒரு கதை சொல்லுவாங்க அண்ணா. சில கெமிஸ்ட்டுங்க தாடில விதை கிரிஸ்டல் ஒட்டியிருக்குமாம். குடுவை மேல சும்மா குனிஞ்சாலே போதுமாம், கொட்டுமாம்."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கை தானாக மேலே போய், ஒன்றுமில்லாத இடத்தைத் தடவியது. இருபத்திரண்டு வருஷமாகத் தன் கை செய்த வேலை என்று நினைத்ததெல்லாம் மீசை செய்த வேலையா?

அன்று சாயங்காலம் வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "மீசை எங்க?"

"முகத்தைத் தொட்டுப் பாருங்க" என்றாள் தையல்காரி, மெஷினை நிறுத்தாமல்.

"வெட்டினதைக் கேக்கறேன்."

"குப்பைல போட்டாச்சு."

"நிஜமாவா?"

மெஷின் நின்றது. அவள் எழுந்து பட்டன் டப்பாவைத் திறந்து, அடியிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். நூல் சுற்றிக் கட்டியிருந்தது. உள்ளே இரண்டு முனையும் வளைவு மாறாமல் அப்படியே இருந்தன. எதற்காக வைத்திருக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. அவள் தானாகச் சொன்னாள். "பதினெட்டு வருஷமா என் பேச்சைக் கேட்டது அது ஒண்ணுதான். நான் திட்டினா அதாவது அசையும்."

அவர் பொட்டலத்தை மூக்கிடம் கொண்டுபோனார். சோப்பு வாசனை அடித்தது. "கழுவினியா?"

"பின்ன? உங்க நறுமணத்தோட என் பட்டன் டப்பாவுல வைப்பேனா? சோப்புப் போட்டு ரெண்டு தடவ கழுவி, வெயில்ல காயவெச்சேன்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆனாலும் ஆசை விடுமா? புதன்கிழமை காலை, யாரும் பார்க்காத நேரத்தில், மூன்று குடுவையிலும் ஒவ்வொரு முடி போட்டார். மத்தியானம் வரை முடி முடியாகவே கிடந்தது.

பாதி டாக்டர் வந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "அண்ணா, என்ன இது?"

"எது?"

"என் கம்பவுண்டுல மீசை."

அவர் வாயைத் திறந்தார். மறைக்க ஒன்றும் இல்லாததால் வெட்கம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள், பிறகு அது சிரிப்பாக இல்லை. முக்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தாள். "விடுங்க அண்ணா. நீங்க முகத்தையே கொடுத்துட்டீங்க. இதுக்கு மேல என்ன பண்ணுவீங்க?" நோட்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். மகள் கிண்டல் செய்ய வாயெடுத்து, அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அந்த முகத்தில் இப்போது எல்லாம் தெரிந்தது, அதுதான் கஷ்டம்.

தையல்காரி மெஷின் மேல் போட்டிருந்த வெள்ளை உறையை மடித்துக்கொண்டே கேட்டாள். "அந்த விதை முடியிலதான் ஒட்டுமா? துணியில ஒட்டாதா?"

"ஒட்டும். எந்தத் துணி? கோட்டைத்தான் நீ கழுவி மெஷினுக்கு உறை தெச்சுட்டியே."

"கோட்டைக் கழுவினேன். பாக்கெட்டைக் கழுவல."

அவர் நிமிர்ந்தார்.

"ஒரே மஞ்சக் கறை. கழுவினா மத்ததெல்லாம் மஞ்சளாயிடும்னு தனியா வெட்டி எடுத்துட்டேன். தூக்கிப் போடத்தான் இருந்தேன்." அவள் பேச்சை வேகமாக முடிக்கப் பார்த்தாள். "நான் போட்ட தையலு. இத்தனை வருஷத்துல ஒரு நூல் விடல. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. சரி, இருக்கட்டும்னு ஒரு கவர்ல போட்டுக் கட்டி வெச்சேன்."

இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக, குடுவையைக் கீறிய குச்சி தினமும் போய்ப் படுத்த பாக்கெட். போன தடவை பொலபொலவென்று கொட்டியபோதும் குச்சி அங்கேதான் போனது. அவர் கவரைப் பிடுங்கப் போனார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"இரட்டைத் தையலு. நீங்க பிரிச்சா உள்ள இருக்கறது ஊரெல்லாம் பறக்கும். நான் வர்றேன்."

வியாழக்கிழமை காலை அவள் தன் தையல் பிரிக்கும் ஊசியோடு அந்தக் கட்டடத்துக்குள் முதல்முறையாக நுழைந்தாள். பாதுகாப்பு அதிகாரி கவரைப் பார்த்தார், பாக்கெட்டைப் பார்த்தார், தான் குப்பைக்கு அனுப்பிய கோட்டு கண் முன்னால் பாதியாகத் திரும்பி வந்திருப்பதைப் புரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு அவளுக்குக் கையுறையும் கண்ணாடியும் முகமூடியும் எடுத்துக் கொடுத்தார். முன்னமே சொன்னதுதான், நல்ல மனிதர்.

அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "இங்கதான் அந்த ஆறு பட்டனைத் தைக்கிறீங்களா?"

ஹூட்டின் காற்றை நிறுத்தி, ஒரு கறுப்புக் காகிதத்தை விரித்தார்கள். அவள் பாக்கெட்டை அதன்மேல் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். அடி மூலையில் மடித்து வைத்த துணி திறந்தது. உள்ளிருந்து தூள் உதிர்ந்தது. சிவப்பு, பழுப்பு, ஆரஞ்சு, வெள்ளை, ஐந்தாறு வகை மஞ்சள். பதினோரு டாக்டர்களின் ஆராய்ச்சி அந்த மூலையில் ஒன்றாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"இதுல எது என்னோடது?" என்றாள் பாதி டாக்டர்.

மீசை பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்திருந்தார். "இது பழைய சாயம். இது நாலாவது டாக்டரு செஞ்சது, எலுமிச்சை நிறம். உங்களுது கொஞ்சம் பச்சை அடிக்கும். சின்னச் சின்ன ஊசி மாதிரி இருக்கும். தோ." மூன்று துணுக்குகளைத் தையல்காரியின் ஊசி முனையில் எடுத்து, குடுவைக்கு ஒன்றாகத் தட்டினார்.

பத்து நிமிஷம் போனது. முதல் குடுவையில் அந்தத் துணுக்கு கரைந்து காணாமல் போனது. பாதி டாக்டர் நகத்தைக் கடிக்கப் போனாள், முகமூடி தடுத்தது. இரண்டாவது குடுவையில் துணுக்கு அப்படியே நின்றது. பிறகு அதன் பக்கவாட்டில் மயிரிழை மாதிரி ஒரு கோடு நீண்டது. அதன் பக்கத்தில் இன்னொரு கோடு. அதன்மேல் இன்னொன்று.

"அட, தையல் போடுது பாருங்க!" என்றாள் தையல்காரி.

பாதி டாக்டர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இரண்டு பேர் முகமூடியும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டது.

ஆனால் வேலை முடியவில்லை. எக்ஸ்ரேக்குப் பொடி போதாது. ஒரு படிகமாவது பெரிதாக, தெளிவாக வளர வேண்டும். அதற்குக் குடுவை ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். அன்று முழுக்க மீசை கூடத்து வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கதவை யாரும் சாத்தக் கூடாது, திறக்கக் கூடாது, நடந்தால் மெதுவாக நடக்க வேண்டும், தும்ம வேண்டுமென்றால் தோட்டத்துக்குப் போக வேண்டும். பேராசிரியரே தும்மத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு அவர் குடுவையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்கு நடந்தார். பாதி டாக்டர் முன்னால் ஓடி ஓடிக் கதவுகளைத் திறந்தாள். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர் நுண்ணோக்கியில் குனிந்து தேடினார்.

"இருக்கிறதுலயே பெரிய கிரிஸ்டல் இது. அருமையா வளர்ந்திருக்கு. ஆனா நடுவுல ஏதோ கறுப்பா ஒரு முடி போகுதே?"

"அது இல்லாததை எடுங்க" என்றாள் பாதி டாக்டர், மீசையைப் பார்க்காமல்.

அடுத்த படிகத்தை எடுத்தார். சாயங்காலம், இயந்திரத்தைக் கழற்ற ஆட்கள் வந்து வராந்தாவில் காத்திருக்கும்போது, திரையில் படம் வந்தது. ஆறு புள்ளிகள் வட்டமாக நின்றன. புது ஆள் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தார், சட்டமாக, கால்மேல் கால் போடாத குறையாக. பாதி டாக்டர் கையிலிருந்த பேனாவை மீசையின் புதுக் கோட்டுப் பாக்கெட்டில் செருகினாள். தப்பான பக்கம் என்பதால் கீழே விழுந்தது.

வீட்டில் அவர் பட்டன் டப்பாவைத் திறந்து ஆறு வெள்ளைப் பட்டனை வட்டமாக அடுக்கினார். ஒன்றின் பக்கத்தில் ஒரு நீலம் வைத்தார். நேர் எதிரே ஒரு சிவப்பு வைத்தார். "இவ்வளவுதான் விஷயம்" என்றார்.

மகள் எட்டிப் பார்த்தாள். "இதுக்கா அப்பா மீசையை எடுத்தீங்க?"

"பெரிய கிரிஸ்டல் மீசைலதான் வளர்ந்துச்சு" என்றார் அவர். ஏனென்றால் அதையும் சொல்லிவைக்க வேண்டுமே.

"மறுபடி வளர்ப்பீங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அடுத்த மாதம் இன்னொரு தடவை ஆசிட் வேலை இருந்தது. அவள் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வேணாம். நீங்க சிரிக்கறது இப்பத்தான் தெரியுது. பார்க்கச் சகிக்கல, ஆனா தெரியுது."

அவள் மடியில் அவருடைய புதுக் கோட்டு இருந்தது. தப்பான பக்கத்துப் பாக்கெட்டைப் பிரித்துவிட்டு, சரியான பக்கத்தில் கெட்டித் துணியில் ஒன்று வைத்துக்கொண்டிருந்தாள்.

"கோட்டுல கை வைக்கக் கூடாதுன்னு அதிகாரி சொல்லியிருக்காரே" என்றார்.

"அவர் உங்க முகத்துலயே கை வெச்சப்ப நீங்க பேசாமத்தானே இருந்தீங்க?" நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, பாக்கெட்டுக்குள் விரலைவிட்டு அடி மூலையைத் தொட்டுப் பார்த்தாள். "இந்தத் தடவ மூலைய ரெண்டு மடிப்பு மடிச்சுத் தெச்சிருக்கேன். தூசு நல்லாத் தங்கும்."